உறை பிரிக்காத ஃபில்டர்

மேசையைத் துடைத்துவிட்டுத் துணியை உதறப் பின்வாசலுக்குப் போன பெரியவர் திரும்பி வந்தபோது மேசைமேல் மறுபடியும் தூசி படிந்திருந்தது.

மெல்லிய படலம்தான். நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடிமேல் யாரோ வாயை வைத்து ஊதிவிட்டுப் போனதுபோல வெளிறித் தெரிந்தது. ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். தெருப்புழுதி இல்லை இது. இடித்த சுவரின் வாசம். பழைய காரையும் செங்கல்லும் கலந்த, மூச்சோடு உள்ளே போய் அடித்தொண்டையில் அப்பிக்கொள்ளும் வறண்ட வாசம்.

சுவரை இடித்து, பூசி, வண்ணமும் அடித்து, மேஸ்திரி தன் சாரப் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாதக்கணக்காகிவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஏ.சி. மிஷினும் ஓடவில்லை.

"என்ன மாமா, நீங்க துடைக்கிறீங்க?" மாடிப்படியில் இறங்கி வந்த தம்பி மனைவி கேட்டாள். "காலைலதானே துடைச்சேன்."

"சரியாத் துடைக்கல."

சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. அவள் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இந்த மூன்று நான்கு மாதங்களில் அவள் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. எந்தத் தப்பும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டவளின் மௌனம் அது. அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவர் யார் என்பது பெரியவருக்குத் தெரியும்.

தெருவில் எல்லோரும் அந்த அண்ணன் தம்பியைப் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வார்கள். பெரியவர் மனைவியை இழந்தவர். ஒரே மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். மாடியில் சின்னவரும் அவர் மனைவியும். வீடு முழுவதற்கும் ஒரே மிஷின்; வெயில் காலத்தில் குளிர்ச்சியும் குளிர் காலத்தில் சூடும் அதுதான் தரும். கூரைக்குள் ஓடும் தகரக் குழாய்கள் வழியே ஒவ்வொரு அறைக்கும் காற்று போகும். ஹாலின் சுவரில் இருக்கும் அகலமான கிரில் அந்தக் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காற்றோடு சத்தமும் போகும். மாடியில் சின்னவர் இருமினால் கீழே ஹாலில் கேட்கும். கீழே அண்ணன் யாரையாவது அதட்டினால் மேலே கேட்கும். "எங்க அண்ணன் என் ரூமுக்குக் காத்தும் அனுப்புவாரு, திட்டும் அனுப்புவாரு" என்று சின்னவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லும் முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முழங்காலில் உள்ளங்கையால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். தட்டு விழுந்தால் வேடிக்கை வரப்போகிறது என்று அர்த்தம்.

சின்னவருக்கு நுரையீரல் சரியில்லை. அதனால்தான், மகன் கல்யாணத்துக்கு முன் ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பது என்று முடிவானதும், தூசியைத் தடுக்கும் பொறுப்பைப் பெரியவர் வேறு யாரிடமும் விடவில்லை. அவர் சாதாரண ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் அறைகளுக்குக் காற்று அனுப்பும் மிஷின்களைத் தலைமை ஏற்றுப் பார்த்தவர். அறைக்கு அறை ஏணி போட்டு ஏறி, காற்று வரும் துவாரங்களுக்கெல்லாம் கனத்த பிளாஸ்டிக் வைத்து, ஓரம் பிசகாமல் டேப் ஒட்டி, நகத்தால் அழுத்திவிட்டார். ஹால் கிரில்லுக்கு இரட்டைப் பிளாஸ்டிக். சின்னவர் அறை ஜன்னல் இடுக்குகளுக்கும் டேப்.

"என்ன சார், வீட்டையே பார்சல் கட்டுறீங்க, எங்க அனுப்பப் போறீங்க?" என்றார் மேஸ்திரி.

"உன் தூசியை உன்கிட்டயே திருப்பி அனுப்பத்தான்" என்றார் பெரியவர்.

கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த சின்னவர், அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி ஓரமாக உட்கார்ந்ததும் அவர் முழங்காலில் தட்டினார். "மிஷினுக்கு மூக்கைப் பொத்தியாச்சு. அடுத்தது எனக்கா?"

அண்ணன் அன்றைக்குச் சிரித்தார்.

மிஷினுக்குள் தூசியைப் பிடிக்கும் பழைய ஃபில்டரையும் அவரே கழற்றி எறிந்தார். புதியதை வாங்கி வைத்திருந்தார், ஆனால் மாட்டவில்லை. வேலை முடிந்து, தூசி அடங்கி, வீடு முழுக்கத் துடைத்த பிறகு மாட்டினால் புத்தம்புதிதாக இருக்கும். அதுவரை மிஷின்தான் ஓடப்போவதில்லையே. உறை பிரிக்காமல் மிஷின் அறை அலமாரியில் வைத்தார். தெரிந்தவன் செய்கிற சிக்கனம். தெரியாதவன் கையில் பழைய ஃபில்டர் அதுபாட்டுக்கு உள்ளேயே கிடந்திருக்கும்.

சுவர் விழுந்த அன்றைக்கே, முன்கூட்டிச் சொல்லாமல், சம்பந்தி வீட்டார் வந்து நின்றார்கள். பக்கத்தில் ஒரு வேலையாக வந்தார்களாம். மேஸ்திரி ஆட்களை அனுப்பிவிட்டு, இடிபாட்டுக்கு ஒரு திரை கட்டி, சோபா உறையை உருவி அவர்களை உட்கார வைத்தார் பெரியவர். புழுங்கியது. சம்பந்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகு சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்து, "மிஷின் பேருக்குத்தானா?" என்று சிரித்தார். சிரிப்பில் விஷம் இல்லை. ஆனால் அது பெரியவரின் முதுகில் சுருக்கென்று இறங்கியது. எழுந்தார். கிரில்லிலும் கூரைத் துவாரத்திலும் இருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தார். சுவிட்சைப் போட்டார்.

குளிர்ந்த காற்று வந்தது. அதில் காரை வாசம் வந்தது. அப்போதுதான் அலமாரியில் இருந்த ஃபில்டர் ஞாபகத்துக்கு வந்தது.

எழுந்து நாலடி நடந்தால் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரம். "வீடுன்னா இப்படி இருக்கணும், குளுகுளுன்னு" என்று சம்பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். ஃபில்டர் போட மறந்துவிட்டேன் என்று, ஆஸ்பத்திரி மிஷின்களை ஆண்டவர், பெண் கொடுக்கப் போகிறவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். மாடித் துவாரத்தில்தான் பிளாஸ்டிக் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் வழியே இருமல் கேட்டது. பிறகு தொடர்ந்து கேட்டது.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள் சம்பந்தி மனைவி.

"தம்பிக்குக் கொஞ்சம் சளி. ஒண்ணுமில்ல."

பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. நின்றதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாடி அறையில் மூச்சு முட்டுகிறது என்று சின்னவர் சொன்னதால், மிஷின்தான் ஓடவில்லையே என்று அன்று காலையில் அவர் மனைவி துவாரத்துப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டிருந்தாள். விருந்தாளிகளுக்காகக் கீழே சமையலறையில் நின்றவளுக்கு அது நினைவில் இல்லை. விருந்தாளிகள் போன பிறகு, மூச்சுத் திணறக் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சின்னவர் வீடு திரும்பவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்த மாலை, பெரியவர் மட்டும் வீட்டுக்கு வந்து புதிய ஃபில்டரின் உறையைக் கிழித்து, அதை மிஷினில் சொருகி, உறையைத் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்ப் போட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "மிஷின் என்னங்க பண்ணும், ஃபில்டர் இருந்தது. மேல ரூம்ல ஒட்டின பிளாஸ்டிக் கவரை எடுக்காம இருந்திருக்கலாம்" என்றார். அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

துடைத்த மேசைமேல் தூசி படிந்த அன்று மத்தியானமே பெரியவர் மிஷின் அறைக்குப் போனார். ஃபில்டர் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு, அதன் விளிம்பில் தகரத்தின் மங்கிய பளபளப்பு. மெதுவாகத் திரும்பினார். அலமாரியில் ஃபில்டர் இருந்தது. உறை பிரிக்காமல்.

கையில் எடுத்துப் பார்த்தார். உறையில் ஒரு கிழிசல் இல்லை. ஓரத்தில் அவர் பேனாவால் போட்டிருந்த சிறு குறிகூட அப்படியே இருந்தது. அந்தக் குறி போட்ட உறையைத்தான் அவர் குப்பையில் போட்டார். மறுபடியும் கிழித்தார், சொருகினார், மூடியை இறுக்கினார். மறுநாள் மூடியைத் திறந்தால் இருட்டு, அலமாரியில் உறை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேறு அலமாரிக்கு மாற்றிப் பார்த்தார், மிஷின் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். கிழித்த உறைகள் மட்டும் அவர் கட்டிலுக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் அதே பேனாக் குறி.

தூசி ஹாலைத் தாண்டி மாடிக்கும் வந்த பிறகு தம்பி மனைவியே மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினாள். மெக்கானிக் மூடியில் கை வைத்தபோது, டார்ச் பிடித்து நின்ற அவள் பக்கத்தில் பெரியவரும் நின்றார். காலியாக இருந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஃபில்டர் உள்ளே இருந்தது. வெள்ளை வெளேரென்று.

"எப்ப சார் மாத்தினீங்க?" என்றார் மெக்கானிக்.

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே புதுசு போட்டது" என்றாள் அவள். "மாமாதான் போட்டாங்க."

மெக்கானிக் அதை டார்ச்சுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "அப்படின்னா இது கறுத்துப் போயிருக்கணுமே. இதுல காத்து போன மாதிரியே இல்லையே சார்."

அவள் ஃபில்டரைப் பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

"நேத்துதான் மாத்தினேன்" என்றார் அவர். "உன்கிட்ட சொல்லணுமா எல்லாத்தையும்?"

"இல்ல மாமா" என்றாள்.

மெக்கானிக் குழாய்களுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, தூசி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை பெரியவர் பழைய பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்து, ஏணி போட்டு ஏறி, எல்லாத் துவாரங்களையும் மூடி டேப் ஒட்டினார். நகத்தால் அழுத்தினார். கடைசியாக ஹால் கிரில்லை மூடிவிட்டு இறங்கி நின்று பார்த்தார். மிஷின் ஓடவில்லை. மெயின் சுவிட்சையே இறக்கியிருந்தார். பிளாஸ்டிக் மெல்ல உள்ளே குழிந்தது. சற்று நின்றது. பிறகு வெளியே உப்பியது. மறுபடியும் குழிந்தது. நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும், இழுக்கும்போது சீக்கிரம் முடிந்து, விடும்போது நீண்டு, நடுவில் அடுத்தது வருமா என்று காத்திருக்க வைக்கும் அந்த மூச்சின் ஓட்டம்.

பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை.

திரும்பியபோது சோபாக் கையில் ஒரு இடம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று இருந்தது. அருகே போனார். உள்ளங்கை அகலம், விரல்கள் விரித்து வைத்த தடம். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரிக் கை என்று சின்ன வயதில் எல்லோரும் சொல்வார்கள்.

சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் முழுவதும் நினைத்தார். அவள் சமையலறையில் நிற்கும்போது வாசல்வரை போவார். வாயில் வார்த்தை வந்து நிற்கும். அண்ணனே தம்பியைக் கொன்றான் என்று தெருவில் பேசுவார்கள், மகனின் கல்யாணம் நிற்கும், பரம்பரையாகத் தலைநிமிர்ந்து நடந்த குடும்பம் என்று நினைப்பார். "என்ன மாமா, தண்ணி வேணுமா?" என்பாள். "ஆமா" என்று வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவார். தண்ணீரில் காரை ருசித்தது.

துக்கத்துக்காகத் தள்ளிவைத்த கல்யாணப் பேச்சை எடுக்க, பளிச்சென்ற பகலில், சம்பந்தி வீட்டார் மறுபடியும் வந்தார்கள். அதே சோபாவில் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி விடியற்காலையிலிருந்து துடைத்ததில் வீடு மினுங்கியது. பெரியவர் கிரில்லைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பழச்சாறு கொண்டுவந்து வைத்தவளைச் சம்பந்தி மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், எப்படித்தான் ஆச்சு அவருக்கு?"

பெரியவர் வாயைத் திறக்குமுன் தம்பி மனைவியே சொன்னாள். "என் கைதாங்க. தூசி வராம மாமா கட்டி வச்சிருந்த கவரை நான்தான் எடுத்துட்டேன்."

சம்பந்தி கண்ணாடித் தம்ளரின் விளிம்பைத் துடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் சம்பந்தி மனைவி, பெரியவரைப் பார்த்து. "நாளைக்கு எங்க பொண்ணு வந்து இருக்கப்போற வீடு. குழந்தை குட்டின்னு ஆகும். கவனமில்லாத கை இருக்கிற இடத்துல எப்படி..." முடிக்கவில்லை.

இதுதான் சமயம் என்று பெரியவருக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். அந்தக் கை தவறு செய்யவில்லை, என் கைதான். தம்பி மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்; கெஞ்சவில்லை, காத்திருந்தாள். மேலே குழாய்க்குள் எங்கோ ஒரு இருமல் கேட்டது. மற்றவர்கள் முகத்தில் சலனமே இல்லை. அவருக்கு மட்டும் கேட்டது. பிறகு நின்றது. அவருடைய பதிலைக் கேட்பதற்காக நின்றது போல.

"பழச்சாறு எடுத்துக்குங்க" என்றார் பெரியவர்.

அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்க அண்ணனை வரச் சொல்றேன் மாமா" என்றாள். "நான் அங்க போய் இருந்துக்கிறேன்."

விருந்தாளிகள் திருப்தியாக விடைபெற்றார்கள். மாலையில் அவள் அண்ணன் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"கவரை நான் எடுத்தது தப்புதான் மாமா. ஒண்ணு மட்டும்தான் எனக்குப் புரியல." அவள் குரலில் கோபமே இல்லை. "ஃபில்டர் இருந்திருந்தா, தூசி எப்படி மேல வந்திருக்கும்?"

அவர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். அவள் படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட எழவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சமையலறையில் பாத்திரம் உரசுவதும், மாடியில் நடக்கும் காலடியும், குழாய் ஒலிப்பதும் எல்லாம் ஒன்றாக நின்றுபோன வீட்டின், காதை அடைக்கும் அமைதி. அதற்குள் காரை வாசம் மெல்ல, எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல், சூடு போல எழுந்தது.

எதிரே கண்ணாடி மேசைமேல் ஃபில்டர் இருந்தது. உறை பிரிக்காமல். அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

கூரைத் துவாரத்தின் தகர இதழ்கள் அசைந்தன.

தூசி இறங்கியது. சத்தமில்லாமல். மேசைமேல். தம்ளர்கள்மேல். விருந்தாளிகள் உட்கார்ந்துபோன இடங்கள்மேல். எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிக்கொண்டு. அவர் தலைமேல். தோள்மேல். இமைமேல்.

பக்கத்தில் மட்டும் இல்லை.

சோபாவில் அவருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடம் சுத்தமாக இருந்தது. சாய்ந்த முதுகின் அகலம். ஒடுங்கிய தோள். அதைச் சுற்றித் தூசி ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் விழவில்லை.

எழுந்துவிடலாம். கதவு பக்கத்தில்தான். அன்றைக்குச் சுவிட்சும் பக்கத்தில்தான் இருந்தது.

எழவில்லை.

"ஃபில்டர்..." என்று வாயைத் திறந்தார். "நான் போடல. ஞாபகம் வந்தது. வந்த பிறகும் நான்..."

தூசி வாய்க்குள் போனது. இருமினார். குழாய்கள் அந்த இருமலை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போயின. ஆளில்லாத அறையில் அது கேட்டது. மறுபடியும் இருமினார். மறுபடியும். பிறகு இருமல் நின்றது.

வீடு நிம்மதியாக இருந்தது.

குனிந்து பார்த்தார். மடியெல்லாம் சாம்பல். முழங்கால் சாம்பல். அந்தச் சாம்பல்மேல், மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரு இடம் வெளுத்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஒவ்வொரு விரலாக. ஒரு வேடிக்கை சொல்லப் போகிறவர் தட்டுவதுபோல் ஒரு முறை மெல்லத் தட்டிவிட்டு, அந்தக் கை அங்கேயே இருந்தது.